தென்னையிலிருந்து விழுந்தவன்

"ஆரு கேட்டாலும் தென்னமரத்துல இருந்து விழுந்ததுன்னு சொல்லு அம்மிணி. கொமரலிங்கத்துத் தோட்டத்துல தேங்கா போடறக்கு ஏறுனான், மழை ஈரத்துல வழுக்கிருச்சு. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

கிட்டுசாமி முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தபடியேதான் சொன்னார். வேன் அவிநாசியைத் தாண்டிக் கோயமுத்தூரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஐப்பசி மழை விடாமல் ஊற்றியது. வேனின் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பக்கத்துக் கம்பெனியில் துணி வெட்டும் மேசைப் பலகை ஒன்றை வாங்கிப் போட்டு, அதன்மேல் கன்னையனைக் கிடத்தியிருந்தார்கள். பலகை நகர்ந்துவிடாமல் இரண்டு பக்கமும் மூட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். தலைமாட்டில் குத்தவைத்து உட்கார்ந்து புருசனின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள் மயிலாள்.

"செரீங்க மொதலாளி," என்றாள்.

"அவ சொல்லிப்போடுவாளுங்க," என்றான் கன்னையன். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "நீங்க எதையும் நெனச்சுட்டு இருக்காதீங்க."

வழியில் ஒரு ரோட்டுப் பள்ளத்தில் வேன் ஒரு குலுக்குக் குலுக்கியது. கன்னையன் கண்ணைத் திறந்தான்.

"புள்ள, என்ற காலு ரெண்டும் இருக்குதா?"

"இருக்குதுங்க மாமா. இருக்காம எங்க போவுது?"

"எனக்குத் தெரியமாட்டேங்குதே."

மயிலாள் ஒரு கையை எடுத்து அவன் முழங்காலை அழுத்திப் பார்த்தாள். அதுவும் அவனுக்குத் தெரியவில்லை. கிட்டுசாமி டிரைவரிடம், "வெசையாப் போப்பா," என்றார்.

கிட்டுசாமிக்குக் கொமரலிங்கத்தில் அமராவதிப் பாசனத்தில் தென்னந்தோப்பு. கன்னையனின் அப்பனும் அவனுக்கு அப்பனும் அந்தத் தோப்பில்தான் மண்வெட்டி பிடித்தவர்கள். கிட்டுசாமி திருப்பூருக்கு வந்து ராயபுரத்தில் வேஸ்ட் குடோன் போட்டபோது, நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று தோட்டத்திலிருந்து கன்னையனைக் கூட்டி வந்தார். பனியன் கம்பெனிகளில் வெட்டி ஒதுக்கிய துண்டுத் துணியெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வரும். நிறம் பிரித்து மிசினில் கொடுத்தால் அதன் பல்லுருளைகள் துணியைக் கிழித்துப் பஞ்சாக்கித் தள்ளும். மிசின் ஓடுகிறபோது எதிரே நிற்கிறவன் முகம் தெரியாது. தகரச் செட்டுக்குள் தூசு பனி மூட்டம் மாதிரி நிற்கும். கன்னையன் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்த மூட்டத்துக்குள்ளேதான் தன் வாலிபம் பூராவும் நின்றான். குடோன் சாவி அவன் இடுப்பில்தான் இருக்கும். அதில் அவனுக்கு ஒரு பெருமை.

அன்றைக்குக் காலையில் தகரம் ஒழுகி, அழுத்திக் கட்டி அடுக்கியிருந்த பஞ்சுப் பேல்கள் நனைந்தன. தார்ப்பாயை எடுத்துக்கொண்டு அவன் பேல் அடுக்கின்மேல் ஏறினான். அடுக்கு சரிந்தது. பேல் கட்டுகிற இரும்பு பிரஸ்ஸின் விளிம்பில் முதுகு அடித்து விழுந்தான். பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போன மயிலாளை டேபிளிலிருந்து எழுப்பிக் கூட்டி வருவதற்குள் வேன் தயாராக நின்றது.

அந்தச் செட்டு சர்க்கார் கணக்கில் ஒரு வீடு. மிசின் ஓட்ட அனுமதி கிடையாது. மரம் என்று சொல்லச் சொன்னது அதனால்தான். மயிலாளுக்கும் அது தெரியும். கிட்டுசாமியைக் கெட்டவர் என்று அவள் நினைத்ததில்லை. மகள் சாமியாத்தாளுக்குக் காய்ச்சல் கண்டபோது தன் காரிலேயே வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர் அவர்.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்டார்கள். சீட்டு எழுதுகிறவர் கேட்டார், அவுட்போஸ்ட் போலீஸ்காரர் கேட்டார், எலும்பு டாக்டர் கேட்டார். மயிலாள் எல்லோரிடமும் தென்னைமரம் என்றே சொன்னாள். நாலாவது ஆளிடம் சொல்லும்போது அந்த மரத்தின் உயரம்கூட அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

நடுமுதுகில் எலும்பு நொறுங்கியிருக்கிறது, கம்பி வைத்துக் கட்டினால்தான் எழுந்து உட்காரவாவது முடியும் என்றார் எலும்பு டாக்டர். அதற்கு முன்னால் மயக்கம் கொடுக்கிற டாக்டரம்மா வந்து பார்த்தார். ஒல்லியான ஆள், நரைத்த தலை, மெதுவான பேச்சு. கன்னையனின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"என்ன வேலை செய்யறீங்க?"

"தோட்ட வேலைங்க. மரமேறறனுங்க," என்றான் கன்னையன்.

"பீடி?"

"இல்லீங்க." அது நிசம்தான்.

"லேசா இரைப்பு கேக்குதே?"

"மழைக்குச் சளி புடிச்சிருக்குதுங்க."

டாக்டரம்மா மயிலாளைப் பார்த்தார். மயிலாள் கட்டிலின் துருவைப் பார்த்தாள்.

"மரமேறறவங்களுக்கு நெஞ்சு நல்லா இருக்கும்," என்றார் டாக்டரம்மா. "இது பெரிய ஆபரேசன்மா. குப்புறப் படுக்க வச்சு ரொம்ப நேரம் பண்ணணும். எலும்பு கூடிரும், எனக்கு அதுல கவலை இல்லை. அதுக்கு அடுத்து வர்ற நாலஞ்சு நாள்தான் பயம். வலியில ஆழமா மூச்சு இழுக்க மாட்டாங்க, இரும மாட்டாங்க. சளி அடியில தங்கிரும். யாருக்கு அப்படி வரும், யாருக்கு வராதுன்னு முன்கூட்டியே ஓரளவு சொல்லலாம். வயசு, புகை, பழைய நெஞ்சு வியாதி, தூசு, எந்த எலும்பு ஒடைஞ்சிருக்குன்னு எல்லாத்தையும் வச்சுத்தான் சொல்றோம். இவருக்குப் பெருசா ஒண்ணும் வராதுன்னு நினைக்கறேன்."

அவர் போன பிறகு கன்னையன் இருமினான். இருமல் முதுகைக் கிழித்தது போல முகம் கோணியது. மயிலாள் தன் முந்தானையை நீட்டினாள். துப்பியதைப் பார்த்து உடனே சுருட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கடைசியாக அவன் ஓட்டியது ஊதா நிறத் துணி. சளியில் அந்த ஊதா நூலாக ஓடியது. வருசக் கணக்காக அவள் பார்த்து வருகிற சங்கதிதான். சிவப்பு ஓட்டினால் சிவப்பு, பச்சை ஓட்டினால் பச்சை. வீட்டில் அதை வைத்து அவர்கள் சிரித்ததுகூட உண்டு. இங்கே யாராவது பார்ப்பதற்கு முன்னால் கசக்கிப் பிழிந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் சோணைமுத்து என்று ஒரு சாயப்பட்டறைக்காரன் கிடந்தான். சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், தொட்டி மேலிருந்து விழுந்து அவனுக்கும் முதுகெலும்புதான். ஆபரேசன் முடிந்திருந்தது. கூட இருந்த அண்ணன்காரர் மயிலாளுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பார். "ஒண்ணும் பயப்படாதீக. தம்பிய மாதிரி அவுகளும் கம்பிய வச்சு உக்காந்துருவாக," என்று தேற்றுவார். சோணைமுத்துவும் தலையைத் திருப்பிச் சிரிப்பான். கன்னையனும் அவனும் திருப்பூர்ச் சினிமாக் கொட்டாய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் விடிகாலையில் சோணைமுத்து பேச்சை நிறுத்தினான். பிறகு மயிலாள் பார்த்ததெல்லாம் அவன் மூக்கைத்தான். மூச்சு விடும்போதெல்லாம் மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. நகம் கறுத்தது. நர்சுகள் கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மத்தியானம் வார்டு ஆயா வந்து அவன் இடத்தில் வேறு கட்டில் போட்டு, புது விரிப்பு விரித்தாள்.

வராந்தாவில் டாக்டரம்மா அண்ணன்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். மழைச் சத்தத்துக்கு நடுவே மயிலாளுக்கு எல்லாம் கேட்டது.

"அவருக்கு முன்னாடி டி.பி. வந்திருக்கு. ஏன் சொல்லலை? ரெண்டு தடவை கேட்டேனே."

"கட்டுன பொண்டாட்டிக்கே தெரியாது டாக்டரம்மா. சீக்குன்னு தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாகன்னு அப்பவே மறைச்சிட்டோம். அதையே சொல்லிப் பழகிருச்சு."

"சொல்லியிருந்தா நான் வேற மாதிரி தயார் பண்ணியிருப்பேன்."

அண்ணன்காரர் சுவரில் சாய்ந்தபடி வழுக்கிக் கீழே உட்கார்ந்தார். டாக்டரம்மாவும் பக்கத்தில் குனிந்து நின்றார், திட்டவில்லை.

மயிலாள் வார்டுக்குள் வந்தாள். கன்னையன் புது விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, நாம டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போடலாமுங்க."

"எதைய?"

"மிசினப் பத்தி. தூசப் பத்தி."

"வாய மூடு."

"பக்கத்துல கெடந்த மனுசன் போயிட்டானுங்க."

"அவனுக்கு வேற சீக்கு. எனக்கென்ன? வெறும் சளி. நாளன்னிக்கு ஆபரேசன்னு சொல்லீட்டாங்க. இப்பப் போயி நீ இதைச் சொன்னீன்னா வேண்டாம்னு அனுப்பிச்சுப்போடுவாங்க. காலம் பூரா மல்லாக்கக் கெடக்கச் சொல்றயா?" மூச்சு வாங்கியது அவனுக்கு. சற்று நிறுத்திவிட்டுச் சொன்னான். "அந்த மனுசன் ஒருத்தர நம்பித்தான் நாம திருப்பூருக்கு வந்தது. அவரைக் காட்டிக் குடுத்துப்போட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுட்டு நிக்கறது?"

நிற்கப் போகிறவனைப் போலத்தான் அதைச் சொன்னான். மயிலாள் அவனுக்கு இரண்டு வாய் இட்லி ஊட்டினாள். அவன் கண்ணசந்ததும் எழுந்து போனாள்.

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். மயிலாள் கதவோரம் நின்றாள்.

"ஏனுங்க, அவரு மரமேறுறவர் இல்லீங்க."

டாக்டரம்மா குழாயை மூடினார்.

"வேஸ்ட் மிசின் ஓட்டறவருங்க. பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. காத்தாலயும் பொழுதோடயும் இருமுவாருங்க. செவப்புத் துணி ஓட்டுனா செவப்பாத் துப்புவாரு, நீலம் ஓட்டுனா நீலமாத் துப்புவாருங்க. நானு தொவச்சுத் தொவச்சு மறைச்சுட்டு இருக்கறனுங்க."

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "யார் அப்படிச் சொல்லச் சொன்னா?" என்று கேட்டுவிட்டு, அவரே கையை அசைத்தார். "வேண்டாம், விடுங்க. எனக்கு அவர் நெஞ்சைப் பத்தித் தெரிஞ்சாப் போதும்."

ஆபரேசன் தள்ளிப் போடப்பட்டது. மறுபடி படம் எடுத்தார்கள். குழாயில் ஊதச் சொல்லி அளந்து பார்த்தார்கள். டாக்டரம்மா மயிலாளை உட்கார வைத்துச் சொன்னார்.

"நான் முன்னாடி சொன்னதை மறந்துருங்க. இவருக்கு வரும். அநேகமா வரும். ஆபரேசன் பண்ணாம விட்டாலும் மல்லாக்கக் கிடந்து கிடந்து அதே சளிதான் கட்டும். பண்ணினா ஒரு வாய்ப்பு இருக்கு. நெஞ்சைக் கொஞ்சம் தேத்திட்டுப் பண்ணலாம்னு பாக்கறேன். நீங்கதான் சொல்லணும்."

"வரும்னா, பொழைக்க மாட்டாருங்களா?"

"வரும்னு சொல்றேன். அதுக்கப்புறம் என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியாதும்மா."

மயிலாள் சரி என்றாள்.

தண்ணீர் நிரப்பிய பாட்டிலில் ரப்பர்க் குழாயை விட்டுக் கொடுத்தார்கள். கன்னையன் படுத்தபடி ஊத வேண்டும், தண்ணீர் குமிழி விட வேண்டும். ஆவி பிடிக்க வைத்தார்கள். பலகை மாதிரி ஒட்டுமொத்தமாகப் புரட்டிப் படுக்க வைத்து இருமச் சொன்னார்கள். அவன் ஊதினான், இருமினான், சொன்னதையெல்லாம் செய்தான். ஆனால் மயிலாளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். தண்ணீர் வேண்டுமென்றால் நர்சிடம் கேட்பான். அவள் சோறு ஊட்டினால் வாயைத் திறப்பான், கண்ணைத் திறக்க மாட்டான்.

வேலையில் அடிபட்டது என்று ஆஸ்பத்திரியில் மாற்றி எழுதியது எப்படியோ வெளியே போனது. அதிகாரிகள் வந்து ராயபுரத்துச் செட்டைப் பூட்டினார்கள். கிட்டுசாமி வரவில்லை. அவருடைய மேனேஜர் சிவசுப்பிரமணியம் ஒரு சாயங்காலம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கன்னையன் தூங்குவதைப் பார்த்துவிட்டு மயிலாளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"மொதலாளி நெம்ப வருத்தப்படறாருங்க. மிசினைக் கழட்டிப் பெருந்துறை ரோட்டுக்குக் கொண்டுபோயிட்டோம். அங்க ஆத்தப்பன்னு ஒருத்தனப் போட்டாச்சு. இனிமே அவரு இங்க வரமாட்டாருன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு."

"அவருக்கு என்ற மேல கோவமுங்களா?"

"கோவம்னு சொல்ல முடியாது. 'கன்னையன் சொல்லியிருக்க மாட்டான், அவன் பொண்டாட்டி இப்படிப் பண்ணுவாள்னு நெனைக்கல'ன்னாரு. அவ்வளவுதான்."

பழங்களைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மயிலாள் உரித்து ஊட்டினாள். யார் கொடுத்தது என்று கன்னையன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. கம்பி நன்றாக உட்கார்ந்துவிட்டது என்று எலும்பு டாக்டர் சந்தோசமாகவே வந்து சொன்னார். மறுநாளும் ஒன்றுமில்லை. அரிசியும்பருப்புஞ் சோறு திங்க வேண்டும் போலிருக்கிறது என்று கன்னையன் நர்சிடம் சொன்னான். நர்சு அதை மயிலாளிடம் சொல்லிச் சிரித்தாள். ராயபுரத்தில் சாமியாத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சி சுப்பாத்தாள் டிபன் கேரியரில் ஆக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். கன்னையன் நாலு வாய் தின்றான்.

"நெசமாலுமே ஒண்ணும் வராதாட்ட இருக்குதக்கா," என்றாள் சுப்பாத்தாள்.

"பேசாத இரு," என்றாள் மயிலாள். அவள் கண் கன்னையனின் மூக்கை விட்டு நகரவில்லை.

அடுத்த நாள் விடிந்து வெயில் ஏறுகிற நேரம். உடம்பு சுட்டது. ஊதுகிற பாட்டிலை அவன் தள்ளிவிட்டான். பேசச் சொன்னால் ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுத்தான். மயிலாள் குனிந்து பார்த்தாள். மூக்கு விடைத்தது. கழுத்துக் குழி இழுத்தது. முன்பு பார்த்ததேதான், அதே வரிசையில் வந்துகொண்டிருந்தது. அவள் கத்திக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்ததால் எல்லாம் தயாராக இருந்தது. தொண்டையில் குழாயைச் செருகி மிசினில் மாட்டினார்கள்.

இப்போது அவனுக்காக மூச்சு விட்டது ஒரு மிசின். கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் அதைப் பார்த்தாள். உஸ் என்று ஏற்றியது, டக் என்று நிறுத்தியது, இறக்கியது. ராயபுரத்து மிசினைப் போலத்தான் இதுவும் ஓய்வில்லாமல் ஓடியது. நெஞ்சிலிருந்து உறிஞ்சி எடுத்த சளியைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா வெளியே வந்து, அவள் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். பக்கத்து அறையிலிருந்து ஓர் அழுகைச் சத்தம் கேட்டது, பிறகு அடங்கியது. சுப்பாத்தாள் டீ வாங்கி வந்து கொடுத்தாள். அது ஆறி ஏடு கட்டியது.

நாட்கள் போயின. ஒரு நாள் தேறியது என்றார்கள், மறுநாள் மறுபடி காய்ச்சல் என்றார்கள். மழை நின்று வெயில் வந்தது. கடைசியில் ஒரு காலையில் குழாயை எடுத்தார்கள்.

"உள்ள வாங்க," என்று டாக்டரம்மா மயிலாளைக் கூப்பிட்டார். "இன்னிக்குப் பூரா பதறவே கூடாது. பதறினா மூச்சு மேலாலயே ஓடும். ஆழமா இழுக்கணும். திரும்பக் குழாய் போடற மாதிரி வந்தா, மறுபடி எடுக்க முடியுமான்னு தெரியாது. பக்கத்துல இருந்து நல்லதாப் பேசுங்க."

கன்னையன் பாதியாகக் கரைந்திருந்தான். கன்னம் ஒட்டி, குழாய் கட்டியிருந்த இடத்தில் உதடு வெடித்திருந்தது. மயிலாள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். ஆபரேசனுக்கு முந்தி நிறுத்திய பார்வை அது. அவன் உதடு அசைந்தது. தண்ணீர் கேட்கிறானோ, பிள்ளையைக் கேட்கிறானோ என்று அவள் காதை அருகில் கொண்டுபோனாள்.

"மொதலாளி... வந்தாரா?"

மயிலாள் நிமிர்ந்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பதில் வரத் தாமதமாகத் தாமதமாக அவன் நெஞ்சு மேலும் கீழும் சிறுசிறு துடிப்பாக ஓட ஆரம்பித்தது.

"வந்தாருங்க மாமா," என்றாள். "நேத்து வந்தாருங்க. கண்ணாடிக்கு அக்கட்டால நின்னு பாத்துட்டுப் போனாரு."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்க."

"என்ன... சொன்னாரு?"

அவள் அதை யோசித்திருக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. "ஒடம்பப் பாத்துக்கச் சொன்னாருங்க. எந்திரிச்சு வந்தா குடோன்ல வேலை இருக்குதுன்னாரு. உக்காந்துட்டே பாக்கறாப்பல."

சொன்ன பிறகுதான் எங்கே வரச் சொல்லியிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. கன்னையனின் முகம் தளர்ந்தது. புருவத்தில் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. அவன் மெல்ல ஒரு மூச்சை இழுத்தான். அது வயிறு வரைக்கும் போய் நின்று, நிதானமாக வெளியே வந்தது. இத்தனை நாளாக அவனிடம் எல்லோரும் கெஞ்சிக் கேட்ட மூச்சு அதுதான்.

"அப்படித்தான்! நல்லா இழுங்க, இன்னொரு தடவை," என்று கால்மாட்டிலிருந்து நர்சு உற்சாகமாகச் சொன்னாள்.

அவன் இன்னொரு தடவை இழுத்தான். பிறகு மயிலாளின் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

"எப்ப... வரச் சொன்னாரு?"

கட்டில் கம்பியை அவள் இறுகப் பற்றினாள்.

"மூச்ச இழுங்க மாமா," என்றாள் மயிலாள். "மொதல்ல மூச்ச இழுங்க."